வீட்டு அறையில் பேச்சொலிப் பதிவும் கலவையும்: மொழியாய்வு நோக்கு

1. முன்னுரை

இந்திய மொழிகளின் பேச்சு வடிவங்களை ஒலித்தட்டில் பதிந்து வைக்கும் முயற்சி தொடங்கி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வை ஒட்டி 1913க்கும் 1929க்கும் இடையில் பல மொழிகள் கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்யப்பெற்றன. அன்று அரசின் ஆதரவை வேண்டி நின்ற அப்பணி, இன்று ஓர் ஒலிவாங்கியும் ஒரு கணினியும் கொண்டு வீட்டின் ஓர் அறையிலேயே நடைபெறுகின்றது. கருவிகள் எளிதில் கிடைப்பதனாலேயே பதிவின் தரமும் உயர்ந்துவிட்டது எனக் கருதுதல் பொருந்தாது.

இசைப் பதிவில் தரம் என்பது செவிக்கு இனிமை. மொழியாய்வுக்குரிய பதிவில் தரம் என்பது பொருளை வேறுபடுத்தும் ஒலிக்கூறுகள் சிதையாது நிற்றல். இவ்விரண்டும் எப்போதும் ஒன்றுபடுவதில்லை. அந்தமான் தீவுகளில் வழங்கிய போ மொழியின் இறுதிப் பேச்சாளர் 2010இல் மறைந்தார். அத்தகைய மொழிக்கு இனி எஞ்சியிருப்பன குறிப்புகளும் ஒலிப்பதிவுகளுமே. மீண்டும் பதிய வாய்ப்பில்லாத நிலையில், பதிவின் குறை மொழியின் இயல்பாகவே பிற்கால ஆய்வில் கொள்ளப்படக்கூடும். எனவே அறை, ஒலிவாங்கி, கலவை ஆகிய மூன்று நிலைகளிலும் மொழிக்கூறுகள் எவ்வாறு சிதைகின்றன என்பதும், அவற்றைக் காக்கும் முறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

2. அறை

சிமெண்டுத் தரையும் வெற்றுச் சுவர்களும் உடைய அறையில் பேச்சொலி பலமுறை மோதித் திரும்புகின்றது. இவ்வெதிர்முழக்கம் 60 டெசிபல் அளவு தணிய ஓர் அறையில் 0.6 நொடி ஆகுமெனில், 0.1 நொடியில் அது 10 டெசிபல் மட்டுமே தணியும். இரட்டித்த வெடிப்பொலியின் அடைப்புக் காலம் ஏறத்தாழ இவ்வளவினதே. ஆகவே, மௌனமாக இருக்கவேண்டிய அடைப்பு, முன்னின்ற உயிரின் எதிரொலியால் நிரம்பிவிடுகின்றது.

மலையாளத்தில் குத்தி, குற்றி, குட்டி ஆகிய மூன்று சொற்களும் முறையே பல்லொலி, நுனியண்ண ஒலி, வளைநா ஒலி ஆகியவற்றால் வேறுபடுவன. இவ்வேறுபாட்டை உணர்த்துவன அடைப்பிற்கு முன்னும் பின்னும் உயிரில் நிகழும் ஒலிமாற்றமும், அடைப்பு நீங்கும்போது எழும் மிகச் சிறிய வெடிப்புமே. அடைப்பில் எதிரொலி நிரம்பினால் அவ்வெடிப்பு மறைகின்றது. ஒலிநிறமாலையில் குரலிலா ஒலி குரலுடை ஒலிபோலத் தோற்றமளிக்கவும் இடமுண்டு.

இதனைத் தடுக்க விலையுயர்ந்த பொருள்கள் தேவையில்லை. பஞ்சு மெத்தை, கனத்த போர்வை, நூல்கள் ஒழுங்கின்றி அடுக்கிய அலமாரி ஆகியன ஒலியை ஈர்க்கவும் சிதறச் செய்யவும் வல்லன. ஆயினும் மெல்லிய திரை உயர் அதிர்வெண்களை மட்டுமே ஈர்க்கும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 34 செ.மீ.; 100 ஹெர்ட்ஸ் ஒலியினது 3.4 மீட்டர். எனவே மெத்தை தடிப்பாக இருத்தல் வேண்டும். சுவரிலிருந்து சற்று விலகி நிற்பின் பயன் மிகும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதனால் வெளியோசை தடைபடாது. இரும்பு பீரோ உடன் அதிரும் இயல்பினது. அறையிலிருந்து அதனை அகற்றுதல் நலம்.

மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்திவிடல் வேண்டும். இந்திய மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஆண்குரலின் சுருதி எல்லைக்குள்ளேயே விழுவதனால் ஒலியிறக்க ஆய்வைப் பிழைபடுத்தும்.

3. ஒலிவாங்கியும் பதிவளவும்

திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள்ளோ, எதிர்முழக்கத்தின் அளவு எங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். எனவே 20 செ.மீ. தொலைவிலிருந்த ஒலிவாங்கியை 80 செ.மீ. தொலைவுக்கு நகர்த்தின், எதிர்முழக்கத்தோடு ஒப்பிடுகையில் பேச்சு 12 டெசிபல் அளவு வலுவிழக்கும். ஒரு சாண் தொலைவே பொதுவாக ஏற்றது. வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் பகர வெடிப்பின் காற்று கருவியில் மோதாது. திசைசார் ஒலிவாங்கியை மிக நெருங்கினால் தாழ் அதிர்வெண்கள் செயற்கையாக மிகும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட் என்னும் அளவு இன்று ஆவணப் பதிவுக்கு ஏற்றதாகக் கொள்ளப்படுகின்றது. மாதிரி எண்ணிக்கையில் பாதியளவு அதிர்வெண் வரையிலேயே ஒலி பதிவாகும் என்பது விதி. பழைய தொலைபேசி வழி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. அதன்வழிப் பெற்ற பேச்சில் ஸகரம் போன்ற உரசொலிகளின் முதன்மையான ஆற்றல் காணப்படாமைக்கு இதுவே காரணம். உச்ச அளவு உயர்வரம்புக்கு 12 டெசிபல் கீழே நிற்குமாறு அமைத்தல் நன்று. வரம்பை மீறி நறுக்குண்ட அலையை எக்கருவியாலும் முழுமையாக மீட்டல் இயலாது. எம்பி3 முறை செவி உணராதனவற்றை நீக்கிக் கோப்பைச் சுருக்குவது. ஆய்வுக்குரிய மூலத்தை வேவ் கோப்பாகவே காத்தல் வேண்டும்.

4. கலவை

பதிந்த தடங்களின் அளவைச் சமன்செய்து, இரைச்சல் நீக்கி, ஒன்றாகச் சேர்ப்பது கலவை எனப்படும். இசைக்கலைஞருக்கு ஆக்கப் பணியாகிய இது, மொழியாய்வாளருக்கு எச்சரிக்கை வேண்டும் இடமாகும்.

குஜராத்தியில் ‘பன்னிரண்டு’, ‘வெளியே’ எனப் பொருள்படும் இரு சொற்களை வேறுபடுத்துவது உயிரின் மூச்சுக்குரல் தன்மையே. இரைச்சல் நீக்கும் மென்பொருளோ மூச்சையும் விசிறியோசையையும் முற்றிலும் பிரித்தறியாது. மிகுதியாகப் பயன்படுத்தினால் மூச்சுக்குரல் உயிர் தெளிந்த உயிர்போல் ஆகிவிடும். இந்தியின் மூச்சொலி வெடிப்புகளுக்கும் இத்தகைய தீங்கு நேரும். உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லொலியை உயர்த்தும் வீச்சுச் சுருக்கமோ, பேசுவோர் அழுத்திக் கூறிய இடத்தை அடையாளம் காண இயலாதவாறு செய்துவிடும்.

தாழ்ந்த ஒலிகளை அறவே அடைத்துவிடும் ‘கேட்’ என்னும் வசதி மொழிபெயர்ப்பாளருக்கும் இழப்பைத் தருவது. கதைசொல்லிக்கு எதிரே இருப்பவர் ‘உம்’ கொட்டுவது தமிழ்க் கதைமரபின் ஓர் உறுப்பு. அவ்வொலி அடைபட்டால், கதைசொல்லி எங்கு மறுமொழியை எதிர்பார்த்து நின்றார், எங்கு தொடர் முற்றுப்பெற்றது என்பன புலனாகா. மொழிபெயர்ப்பில் உரையாடல் தனியுரையாகிவிடும். எனவே, இருவர் பேசுமிடத்து ஒவ்வொருவருக்கும் தனி ஒலிவாங்கியும் தனித் தடமும் அமைத்து, அத்தடங்களைப் பிரித்தே காத்தல் முறையாகும். ஒன்றாகச் சேர்த்த கலவை கேட்பதற்கு மட்டுமே.

ஏட்டுச்சுவடிக்கும் பதிப்புக்கும் உள்ள உறவே மூலப்பதிவுக்கும் கலவைக்கும் உள்ளது. பதிப்பாசிரியர் தாம் கொண்ட பாடத்தையும் விலக்கிய பாடத்தையும் குறித்து வைப்பார், சுவடியைத் திருத்தமாட்டார். அவ்வாறே மூலக்கோப்பு தீண்டப்படாதிருத்தல் வேண்டும். படியில் செய்த ஒவ்வொரு மாற்றமும், எந்த அளவில் என்பதுடன், எழுத்தில் குறிக்கப்படல் வேண்டும். பதிவின் தொடக்கத்தில் அரை நிமிடம் பேச்சின்றி அறையின் ஓசையை மட்டும் பதிந்து வைப்பது, பின்னர் எது மொழி, எது அறை எனப் பிரித்தறியத் துணைபுரியும்.

5. முடிவுரை

வீட்டு அறையில் மொழியாய்வுக்குத் தகுந்த பதிவைப் பெறுதல் இயலும். ஆனால் அதன் தரம், பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னரே அறையாலும் ஒலிவாங்கியின் இடத்தாலும் பெரிதும் முடிவாகிவிடுகின்றது. கலவை இருப்பதைத் தெளிவாக்கலாம், இழந்ததை மீட்காது. செவிக்குத் தூய்மையாகத் தோன்றும் பதிவைவிட, சிறிது இரைச்சலுடன் ஒலி வேறுபாடுகளைக் காத்து நிற்கும் பதிவே மொழிக்குச் சான்றாகத் தக்கது.