நீலக்கால் நண்டுக்கு நீலக்கால் நண்டே பிறப்பது எப்படி?

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் நீலக்கால் நண்டைப் பார்த்திருப்பீர்கள். தாய் நண்டு லட்சக்கணக்கில் முட்டையிடும். ஒவ்வொரு முட்டையும் ஒரு செல்லில் தொடங்கி, பிரிந்து பிரிந்து வளர்கிறது. பிரியும் ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். பிழை வராதா?

படியெடுப்பது பாலிமரேஸ் என்னும் நொதி. அதைச் சுற்றி டி.என்.ஏ.வின் நான்கு வகை எழுத்துகள் கலந்து மிதக்கின்றன. சரியானது எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

உங்கள் வீட்டு எவர்சில்வர் சம்படத்தை நினையுங்கள். வேறு மூடியை வைத்தால் உட்காராது. இங்கும் அப்படித்தான். படியெடுக்கப்படும் பழைய டி.என்.ஏ. இழையின் எழுத்தோடு ஜோடி பொருந்தினால்தான் நொதியின் 'விரல்கள்' இறுக மூடும். புது எழுத்து ஒட்டும். பொருந்தாதது பெரும்பாலும் நழுவிவிடும்.

தப்பித் தவறி ஒட்டிவிட்டால்? இழையின் நுனி கோணிக்கொள்ளும், வேலை தடுமாறும். உடனே நொதி அந்த நுனியைத் தன் வெட்டும் பகுதிக்குத் தள்ளி, தவறான எழுத்தை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கும். எழுதுகிற கையே அழிக்கவும் செய்கிறது. எனக்குப் பெரிய வியப்பு இதுதான். பின்னால் வேறு புரதங்களும் சரிபார்க்கும். கடைசியில் மிஞ்சுவது நூறு கோடி எழுத்துக்குச் சுமார் ஒரு பிழை.

செல்லில் புரதம் கட்டும் ரைபோசோமும் இதேபோல் எழுத்து ஜோடியின் வடிவத்தை அளந்தே சரியானதைத் தேர்கிறது. அதை அணு அணுவாகக் காட்டி, 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கி ராமகிருஷ்ணன், 1952இல் பக்கத்துச் சிதம்பரத்தில் பிறந்தவர்.