நிலத்தடிச் செம்பும் நிறம் தீட்டிய படமும்

திருநெல்வேலிச் சீமையில் கிணறு வெட்டவோ ஆழ்துளை போடவோ முற்படும் விவசாயிக்கு 'நீரோட்டம் பார்ப்பது' புதிதன்று. தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீர் இருக்குமிடம் சொல்பவர்கள் ஒருபுறமிருக்க, இரும்பு முளைகள் நான்கை ஒரே வரிசையில் நிலத்தில் அறைந்து, வெளி முளைகளின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, உள் முளைகளுக்கிடையே எழும் மின்னழுத்தத்தை அளந்து, அதிலிருந்து மண்ணின் மின்தடையைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவிக்காரர்களையும் நாங்குநேரி, சங்கரன்கோவில் பக்கத்துச் சம்சாரிகள் நன்கறிவார்கள். அந்த நான்கு முளைகளே செம்பு தேடும் சாஸ்திரத்துக்கும் பாலபாடம். பாளையங்கோட்டையில் ஓய்வூதியப் பணத்தில் சுரங்கக் கம்பெனிப் பங்கு சில வாங்கி வைத்திருப்பவரின் கைபேசிக்கு நீலமும் பச்சையும் சிவப்புமாய் வந்து சேரும் நிலத்தடிப் படத்தின் பூர்வீகம் இதுதான்.

1830-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் செம்புச் சுரங்கங்களில் தாதுக்கொடிகளினின்று இயற்கையாகவே மெல்லிய மின்னோட்டம் எழுவதை ராபர்ட் ஃபாக்ஸ் என்பவர் கண்டார். 1912-இல் பிரான்ஸின் நார்மண்டியில் கான்ராட் ஷ்லும்பெர்ஜே தாமே நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, அழுத்தக் கோடுகளைப் படமாக வரைந்தார். மின்சாரத்தை நிறுத்திய பின்பும் சில இடங்களில் அழுத்தம் உடனே மறையாமல் மெள்ள மெள்ளத் தணிவதையும் அவர் கவனித்தார். கந்தகத்தோடு சேர்ந்த தாதுத் துகள்களின் மேற்பரப்பில் மின்னேற்றம் தேங்கிப் பின் கலைவதே இதற்குக் காரணம். தூண்டிய முனைவாக்கம் என்று வழங்கும் இம்முறையின் விசேஷம் யாதெனில், பாறையெங்கும் பொடிப்பொடியாய்ச் சிதறி, ஒன்றோடொன்று தொடாமல் கிடக்கும் தாதுவையும் அது காட்டிக் கொடுக்கும். இத்தகைய தாது மின்தடை அளவைக்குப் பெரும்பாலும் அகப்படாது. உலகின் பெருஞ்செம்புச் சுரங்கங்கள் பலவற்றில் பாறையில் செம்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருப்பதால், இந்த முறைக்கு அவ்வளவு மதிப்பு ஏற்பட்டது.

ஆயினும் கருவி அளப்பது செம்பையன்று. மின்னேற்றம் தேங்கும் குணத்தை மாத்திரமே. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது அநுமானம் என்று பழைய தருக்க நூலார் சொல்லிவிட்டு, மூடுபனியைப் புகையென்று மயங்குவதையும் எச்சரித்தார்கள். இங்கே மூடுபனிக்குப் பஞ்சமில்லை. செம்பேயில்லாத இரும்புக் கந்தகம், சிலவகைக் களிமண், எல்லாவற்றிற்கும் மேலாகக் காரீயகம் என்னும் கிராஃபைட் ஆகியவை படத்தில் மிகுந்த மின்னேற்றத்தைக் குறிக்கும் அதே சிவப்பைத் தரும். சிவகங்கைப் பக்கத்தில் கிராஃபைட்டை வெட்டியெடுக்கிறார்கள். தென்பாண்டி நாட்டின் பழம்பாறைகளிலும் அது அரிதன்று. ஆகவே இத்தகைய நிலத்தில் சிவப்பைக் கண்டவர் முதலில் கேட்கத்தக்க கேள்வி, அது கிராஃபைட் அன்று என்பதற்கு அத்தாட்சி என்ன என்பதே. படத்தின் ஓரத்தில் குறிக்கப்படும் ஆழத்தையும் உள்ளபடியே கொள்வதற்கில்லை. முளைகளுக்கிடையேயுள்ள தூரத்தை வைத்து மதிப்பிட்ட உத்தேச ஆழமாக அது இருக்கலாம். கணிப்பொறி திருத்தி வரைந்த படமாயின், ஒரே அளவைக்குப் பொருந்தும் பல நிலத்தடித் தோற்றங்களுள் அதுவும் ஒன்றாகவே இருக்கும்.

செம்பு தேடும் மற்றொரு முறையான காந்த அளவையில் நம் ஊருக்கென்றே ஒரு விநோதம் உண்டு. செம்புத்தாதுவுக்குக் காந்தத்தன்மை இல்லை. அதனுடன் கலந்து கிடக்கும் காந்தக்கல்லையே கருவி உணர்கிறது. கனடாவில் பூமியின் காந்தவிசை ஏறக்குறைய செங்குத்தாக நிலத்துள் இறங்குவதால், காந்தக்கல் புதைந்த இடத்துக்கு நேர்மேலே அளவு உயர்ந்து படம் சிவக்கும். தாமிரபரணிச் சமவெளியோ காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பது. இங்கே விசை ஏறக்குறையக் கிடையாகவே ஓடுவதால், அதே கல்லுக்கு நேர்மேலே அளவு தாழ்ந்து, வடக்கிலும் தெற்கிலும் சற்றே உயரும். அதாவது அங்கே சிவப்பாகத் தெரிவது இங்கே நீலமாகத் தெரியும். வெளிநாட்டுக் கையேட்டைப் படித்துவிட்டு நம் பக்கத்துப் படத்தில் சிவப்பைத் தேடுபவர் பொருளை விட்டு அதன் அண்டை நிலத்தைப் பிடித்தவராவார். கணக்கின் மூலம் இதைத் துருவப் பிரதேசத்து வடிவுக்கு மாற்றுவதுண்டு என்றாலும், நடுக்கோட்டருகே அந்தக் கணக்கு நிலைகொள்ளாமல் சிறு பிழைகளைப் பெருக்கிக் காட்டும்.

போதாக்குறைக்கு, பகற்பொழுதில் தலைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டி ஒரு பெரிய மின்னோட்டம் பாய்கிறது. சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்திருப்பது இத்தகைய நிகழ்ச்சிகளை ஆராயவே. மொத்தக் காந்த அளவு சுமார் 40,000 நானோ டெஸ்லாவாக உள்ள இந்த வட்டாரத்தில், நடுப்பகலில் மட்டும் அது 100 அளவுக்குக்கூட ஏறி இறங்கும். தேடும் தாதுவின் அடையாளமே சில சமயம் அவ்வளவுதான் இருக்குமாகையால், நிலையான ஓரிடத்தில் மற்றொரு கருவியை வைத்து நாள்முழுதும் அளந்து கழிக்கவில்லையெனில், படத்தில் தெரிவது பாறையா, வானத்து மின்சாரமா என்று சொல்லவியலாது.

அநுமானம் பிரத்தியட்சமாவது துளையிடும்போதுதான். ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டாம் இதற்கு நல்ல சான்று: காந்த அளவையும் ஈர்ப்பு அளவையும் பொருந்தி உயர்ந்த இடத்தில், 300 மீட்டருக்கும் கனமான வெற்றுப் பாறையைத் துளைத்து, 1975-இல் செம்பைக் கண்டார்கள், எனினும் அதன் பெருமையை ஐயமின்றி நிலைநாட்டியது மறு ஆண்டில் இட்ட பத்தாவது துளையே. அதே நாட்டில் 1969-இல் நிக்கல் கிடைத்த செய்தியால் ஒரு டாலருக்கும் குறைந்திருந்த பொசைடன் கம்பெனிப் பங்கு சில மாதங்களில் 280 டாலருக்கு ஏறிப் பின் சரிந்த கதை வேறு. துளையின் முடிவையும் கணக்குப் பார்த்தே படிக்க வேண்டும். '40 மீட்டருக்கு 0.3 விழுக்காடு செம்பு' என்ற அறிவிப்பு, 2 மீட்டரில் 6 விழுக்காடும் மீதி 38 மீட்டரில் வெறுங்கல்லுமாக இருந்தாலும் உண்மையே. சரிந்து கிடக்கும் தாதுப்படுகையைத் துளை சாய்வாக வெட்டியிருந்தால், அறிவித்த நீளம் படுகையின் உண்மைக் கனத்தைவிட மிகுதியாகவும் இருக்கும்.

நம் நாட்டில் செம்புத்தாது வெட்டும் தொழில் பெரும்பாலும் 1967-இல் தோன்றிய இந்துஸ்தான் காப்பர் என்ற அரசு நிறுவனத்தின் வசமே இருக்கிறது; மத்தியப் பிரதேசத்து மலாஜ்கண்டும் ராஜஸ்தானத்துக் கேத்ரியும் அதன் சுரங்கங்கள். தூத்துக்குடியில் 2018 வரை நடந்த உருக்காலையோ கப்பலில் வந்த அயல்நாட்டுத் தாதுச் செறிவை நம்பியிருந்தது. உருக்காலை இருந்ததைக் கொண்டு அருகில் தாது உண்டென்று முடிவு கட்டுவதற்கில்லை. 2023-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்திச் செம்பு முதலிய ஆழ்கனிமங்களைத் தேடுவதற்கென்றே தனி உரிமம் ஏற்படுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியமும் இணையத்தில் திறக்கப்பட்டதனால், கம்பெனி தரும் வண்ணப் படத்தை அரசின் அளவைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க எவருக்கும் வசதியுண்டு. அப்படிப் பார்க்கையில் ஜி-4, ஜி-3 என்ற குறிகள் கண்ணில் படும். எண் பெரிதாயிருப்பதனால் ஜி-4 மேலானதென்று நினைக்க இடமுண்டு; உண்மையில் அதுவே தேடலின் முதற்படி. நிலத்தடிப் பொருளின் அளவும் தரமும் நெருங்கிய துளைகளால் விரிவாக ஆராயப்பட்ட கட்டத்துக்கே ஜி-1 என்ற குறி வழங்குகிறது.