சொந்தப் புத்தகத்தோடு லைப்ரரிக்கு

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு வரும் இளைஞர்களில் கணிசமானோர் அங்குள்ள அலமாரிகளைத் தொடுவதே இல்லை. பையில் பள்ளிப் பாடநூல், பழைய வினாத்தாள் கட்டு, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா. சொந்த நூல் படிக்கும் பகுதியில் இடம் பிடித்தால் எழுந்திருக்க மாலையாகிவிடும். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, காவலர் தேர்வு என்று ஆளுக்கொரு குறி.

வீட்டில் படித்தால் என்ன? ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், தம்பி விளையாடிக்கொண்டிருப்பான். தனியார் படிப்பகத்துக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். வேலை தேடும் பெண்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: ‘லைப்ரரிக்குப் போறேன்’ என்றால் வீட்டில் குறுக்குக் கேள்வி குறைவு.

உள்ளே மௌனம்தான். பேச்செல்லாம் சாப்பாட்டு வேளையில். அறிவிப்பு வந்துவிட்டதா, கட்ஆஃப் எவ்வளவு போகும், கணக்குக்கு யார் நோட்ஸ் நல்லது? கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணமில்லாதவருக்கு இந்த அரை மணி நேரப் பேச்சு பெரிய உதவி.

‘நூலகம் என்ன சத்திரமா?’ என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் சொத்து வரி ரசீதை ஒருமுறை பார்க்கலாம். 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின் வழியே வந்தது நூலக வரி. இன்று சொத்து வரியில் 10 சதவீதம். ஊர் மக்கள் பணத்தில் நடக்கும் இடத்தில் ஊர்ப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். வசூலாகும் வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் நூலகத் துறைக்குக் கொடுப்பதில்லை என்பது தனிப் புகார்.

2010-இல் திறந்த கோட்டூர்புரம் கட்டடத்தை மறு ஆண்டே குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு முடிவெடுக்க, உயர் நீதிமன்றம் தடுத்தது. 2023-இல் மதுரையிலும் கலைஞர் பெயரில் இதே போல ஒன்று வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கைக்கெட்டுவது ஊர்க் கிளை நூலகம்தான். அங்கே பல இடங்களில் மதியம் பூட்டிவிடுவார்கள், கழிப்பறையும் இருக்காது. ஆண்பிள்ளைகள் டீக்கடையில் நேரம் போக்கிவிட்டுத் திரும்புவார்கள். பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போனால், பெரும்பாலும் அன்றைய படிப்பு அவ்வளவுதான். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. மதியத்துக்கு ஓர் ஆள், தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை போதும்.