வட்டப் பின்னலும் எண்ணும்

கோலமிடுவோர் முதலிற் புள்ளிகளை எண்ணி வைப்பர், பின்னரே கோடிழுப்பர். ஊசியும் நூலுங் கொண்டு வட்டக் கோலம் பின்னுவோர்க்கும் எண்ணே முதலாவது. மண்டலம் எனப்படும் அவ்வட்டப் பின்னலை இல்லத்திலேயே செய்யும் முறையையும், அதனுள்ளே கிடக்கும் கணக்கையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

குறோசே என்பது சிறு கொளுக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். கொளுக்கி முனையுடைய ஊசி ஒன்றும் பருத்தி நூலும் போதும். நான்கைந்து சங்கிலிக் கண்ணிகளை வளையமாக இணைத்து, அதனுள் 6 குட்டைப் பின்னல் இடுக. அடுத்த சுற்றிற் கண்ணிக்கு இவ்விரண்டாக 12. அதன்பின் 18, 24, 30 எனச் சுற்றுக்கு ஆறு கூட்டுக. ஏன் ஆறு? வட்டத்தின் ஆரம் ஓரலகு கூடின் பரிதி ஏறக்குறைய 6.28 அலகு கூடும். குட்டைப் பின்னலின் உயரமும் அகலமும் ஏறக்குறையச் சமமாதலின், ஆறு கூட்டினால் வட்டம் தட்டையாகக் கிடக்கும். குறைந்தாற் கிண்ணம்போற் குழியும். மிகுந்தால் ஓரம் அலையலையாய்ச் சுருளும். அச்சுருளையே 1997 ஆம் ஆண்டில் கோர்னெல் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் டைனா டைமினா, அதிபரவளைவுத் தளத்தை மாணவர் தொட்டுணரும் கருவியாக்கினார்.

இனி, மேற்பின்னல் யாது? ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் முன்னிழை, பின்னிழை என இரண்டு உள. பின்னலைத் திருப்பாது, பின்னிழையில் மட்டும் பின்னி வருக. முன்னிழைகள் தனித்து நிற்கும். பின்பு வேறு நிற நூலெடுத்து, இரண்டு சுற்றுக்குக் கீழுள்ள முன்னிழைவரை இறக்கி நெட்டைப் பின்னல் இடுக. அது அடிப்பின்னலின்மேற் புடைத்த இதழாகத் தோன்றும். அதன் பின்னே மறைந்த கண்ணியை விட்டு அடுத்ததிற் பின்னுதல் வேண்டும். விடாவிடின் எண்ணிக்கை கூடிவிடும். புதிதாகப் பயில்வோர் தவறும் இடம் இதுவே. சாயம் போகும் நூலை முன்னரே நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திச் சோதிக்க. முடிந்தபின் நனைத்துக் குண்டூசிகளால் தட்டையாக ஊன்றி உலர்த்துக.

2009 ஆம் ஆண்டிற் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே, எம் அன்னையாரிடம் குறோசே ஊசி ஒன்று எஞ்சியிருந்தது. புதுநூல் இல்லை, பழைய பின்னற்றொப்பி ஒன்றைப் பிரித்தெடுத்த நூலே இருந்தது. அதனால் யாம் பின்னிய முதல் வட்டம் குழிந்தது. இழுத்துத் தட்டையாக்க முயன்றோம். கை விட்டதும் மீண்டும் குழிந்தது. அன்னையார் சினந்திலர். ஊசியை உருவி நூல்நுனியை இழுத்தார். தவறு இரண்டாஞ் சுற்றில் இருந்தது. அதுவரை அவிழ்த்து எம் கையிலே தந்தார். நூல் ஒரு சாண்கூட வீணாகவில்லை.

பின்னல் மகளிர்க்கே உரியதென ஆடவர் ஒதுக்கல் வேண்டா. பிழையை மறைத்து மேலே பின்னுவதினும், பிழைத்த சுற்றுவரை பிரித்து, எண்ணித் தொடங்குதல் நன்று. போருக்குப்பின் வெறுந்தரையிலிருந்து மனையும் தொழிலும் மீளத் தொடங்கிய நம் பழைய மாணவர்க்கு இதனை யாம் விரித்துரைத்தல் மிகை.