நீ வரலாம், மகளே!

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகள் மேற்காசியாவில் செவிலி. அந்நாட்டில் அமைதி இல்லை. “சாமி, திரும்பி வா என்று சொல்ல வாயெடுக்கிறேன், கடனை நினைத்ததும் நாக்கு எழவில்லை” என்றார்.

2014 சூன் திங்களில் ஈராக்கின் திக்ரித் நகரம் ஐ.எஸ். தீவிரவாதிகள் கையில் வீழ்ந்தபோது, அங்குள்ள மருத்துவமனையில் நம் நாட்டுச் செவிலியர் 46 பேர் சிக்கினர். ஏறத்தாழ அனைவரும் கேரளத்தார். ஒருவர் நம் தூத்துக்குடிக்காரர். சம்பளமோ பாக்கி, ஊரிலோ கடன். வெறுங்கையோடு திரும்புவதெப்படி என்று அவர்களுள் சிலர் தொடக்கத்தில் தயங்கினர். பின்னர் மோசூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, விடுவிக்கப்பட்டு, சூலை 5-இல் கொச்சி வந்திறங்கினர்.

அந்தத் தயக்கமே என்னை இன்றும் உறுத்துகிறது. குண்டு விழும் ஊரில் ஒரு பெண் வட்டிக் கணக்குப் பார்க்கிறாள் என்றால், அக்கணக்கை அவள் தலையில் ஏற்றியவர் யார்? (வீடு கட்டும் ஆசையில் நம்மவர் யாருக்கும் குறைந்தவரல்லர்.) பெற்றோரே, செபமாலை சொல்லுகிறீர்கள், நன்று. தூதரகத்தில் பெயரைப் பதிந்தாளா என்றும் கேளுங்கள். “பணம் அனுப்பினாயா?” என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். “கடனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ வரலாம்” என்று ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வருவதும் இருப்பதும் அவள் முடிவு.

அத்தாய் அன்றிரவே அவ்வாறு பேசினாராம். மறுமுனையில் நெடுநேரம் அழுகை மட்டுமே கேட்டதாம்.