பேட்டரி புதுசு... பிரச்னையும் புதுசு!

புது பேட்டரி மாட்டினால் கார் சரியாகிவிடும் என்று நம்புகிற அப்பாவிகள் கை தூக்கவும். முதல் கை என்னுடையது!

வெள்ளிக்கிழமை காலை என் கார் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிட்டது. மறுநாளே பழசைக் கடையில் கழித்துவிட்டு, புது பேட்டரி வாங்கி, 10 நம்பர் ஸ்பேனரோடு நானே களத்தில் குதித்தேன். ஞாயிறு விடியற்காலை ரயிலில் வரும் அப்பாவை எழும்பூரில் போய் அழைத்து வரணுமே!

கார் ஸ்டார்ட் ஆச்சு. ஆனால் கடிகாரம் 12:00 என்றது. ரேடியோ கோட் நம்பர் கேட்டது. கண்ணாடி ஒரே அழுத்தில் மேலே ஏற மறுத்தது. சிக்னலில் நின்றால் இன்ஜின் மூச்சு வாங்கியது. மீட்டர் முள் பரதநாட்டியம் ஆடியது. இரண்டு தடவை சாவியைத் திருப்பியும் மௌனம்!

"பழைய பேட்டரியே தேவலை போலிருக்கே!" என்றாள் மனைவி.

ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் பானெட்டைக்கூடத் திறக்காமல், "கம்ப்யூட்டர் போயிடுச்சு சார்... 22 ஆயிரம் ஆகும்" என்றார். எனக்கே ஃப்யூஸ் போய்விட்டது.

கடைசியில் தெருமுனை எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் சரணடைந்தேன். "முதல்ல ரெண்டா பிரிங்க தம்பி. எது மறதி, எது வியாதி?" என்றார்.

கடிகாரம், ரேடியோ, கண்ணாடி, இன்ஜினின் மூச்சு வாங்கல்... இதெல்லாம் மறதி. பேட்டரியைக் கழற்றினால் கார் கற்றதை மறந்துவிடுமாம். ரேடியோ கோட், காரோடு வந்த புத்தகத்திலேயே இருந்தது. கண்ணாடியை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில விநாடி விடாமல் பிடித்தார். சரியாச்சு! ஏசியை அணைத்து இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டதும் மூச்சும் சீரானது.

முள் ஆட்டமும் மௌனமும்தான் வியாதி. பேட்டரி டெர்மினல் கிளாம்ப்பை இரண்டு விரலால் திருகினார். பாட்டில் மூடி மாதிரி சுற்றியது! நான் முடுக்கிய லட்சணம் அது. உள்ளே பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சோடா உப்பு கலந்த வெந்நீரில் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார்.

"கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில. பிளஸ், மைனஸை மாத்தி மாட்டியிருந்தா ஃப்யூஸ், ஆல்டர்னேட்டர் டயோடு எல்லாம் கோவிந்தா!"

பிறகு மீட்டர் வைத்தார். இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட். ஓடும்போது 14.2. "இது 13.5க்குக் கீழே இருந்தா ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படணும். உங்களுது நல்லாத்தான் இருக்கு. அப்புறம் பழைய பேட்டரி ஏன் செத்துச்சு?"

அதை நானும் கேட்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை!

காரைப் பூட்டி, மைனஸ் ஒயரில் மீட்டரைச் சேர்த்து, அரை மணி காத்திருந்தார். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது, 430 காட்டியது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். உள் விளக்கு ஃப்யூஸைப் பிடுங்கியதும் 30க்கு இறங்கியது. டிக்கியைத் திறந்தால், அங்கிருந்த குட்டி பல்பு தொட முடியாத சூடு! சுவிட்ச் மாட்டிக்கொண்டதால், மூடிய டிக்கிக்குள் இரவு பகலாக எரிந்திருக்கிறது. 5 வாட்தான். ஆனால் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை நாலே நாளில் குடித்துவிடும். புதுசும் வியாழக்கிழமைக்குள் படுத்திருக்கும்!

"அப்போ பழசுக்கு சார்ஜ் ஏத்தியிருந்தாலே போதுமா அண்ணே?"

"போட்டுப் பாத்திருக்கலாம் தம்பி" என்றபடி 300 ரூபாயை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காரில் ஏறிய அப்பா, "வண்டி ஜோரா ஓடுதே... என்னடா பண்ணினே?" என்றார்.

"பல்பு வாங்கினேம்ப்பா!"