கடைக்கு முதல் இணையதளம்: அடுப்புக்கு முன் பட்டியல்

கல்யாணச் சமையலுக்குப் பேச வரும் மாஸ்டர் எடுத்த எடுப்பில் அடுப்பைப் பற்றிப் பேசமாட்டார். “எத்தனை இலை? காலை டிபனும் உண்டா? மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர்ப் பக்கம்?” இதைக் கேட்டுக்கொண்டுதான் மளிகைப் பட்டியலுக்கே வருவார். முதன்முதலாக இணையதளம் போடுகிற கடைக்காரர்களோ நேரே பாத்திரக் கடைக்குப் போய்விடுகிறார்கள். முகப்பு என்ன நிறம், படம் ஓடவேண்டுமா, லோகோ சுழலுமா என்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் சின்னக் கடை ஒன்றை வைத்துப் பார்ப்போம். இங்கே இலை போட்டு உட்காரப் போவது யார்? சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து, போனில் தேடி வருகிற ஒருவர். அவருக்குத் தெரியவேண்டியவை வேறு: புள்ளி கையால் முடிச்சுப் போட்டதா, அச்சா? சாயம் போகுமா? ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா? விலை என்ன, எத்தனை நாளில் கைக்கு வரும்? பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பீர்களா? இந்தக் கேள்விகள்தாம் மளிகைப் பட்டியல். புதிதாக யோசிக்கவும் வேண்டாம். கடையின் வாட்ஸ்அப்பில் ஒரு வாரமாக வந்தவற்றை ஒரு தாளில் எழுதி, எதிரே பதிலையும் எழுதினால் தளத்தின் பாதி எழுத்து வேலை முடிந்தது. ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்ற வரியைப் படித்துவிட்டுச் சேலை வாங்கியவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். ஒருவர் போனில் கடையின் முகவரியைத் தட்டினால், முதலில் ‘மண்டபம் எங்கே’ என்ற விசாரணை நடக்கிறது. பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைச் சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்தது. அந்த எண் காட்டுகிற சர்வர்தான் சமையற்கட்டு. அதற்கு நீங்கள் கொடுக்கும் வாடகை ஹோஸ்டிங் கட்டணம். அங்கிருந்து வருவதை வாங்கி, போன் திரை என்ற இலையில் முறையாகப் பரிமாறுவது பிரவுசரின் வேலை.

சமையற்கட்டில் இரண்டு வகை உண்டு. லட்டுபோல முன்பே பிடித்து வைத்து, கேட்டவுடன் எடுத்து வைக்கலாம். ஆள் வந்தபின் தோசை ஊற்றியும் கொடுக்கலாம். கணக்குத் திறப்பது, இருப்பைப் பார்த்துக் காட்டுவது, கட்டணம் வாங்குவது எல்லாம் தோசைக்கல் வேலை. அதற்கு டேட்டாபேஸ் வேண்டும், அதைக் காவல் காக்க ஆளும் வேண்டும். இருபது சேலையைக் காட்டி, “வாட்ஸ்அப்பில் கேளுங்கள்” என்று ஒரு பொத்தான் வைக்கிற கடைக்கு லட்டுத் தட்டே போதும். விற்பனை கூடினால் கல்லைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

பந்தி தாமதமாவது பெரும்பாலும் படங்களால்தான். இன்றைய போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்.பி. வரை இருக்கும். அப்படி இருபது படத்தை அப்படியே ஏற்றினால் 80 எம்.பி. சோறு வருவதற்குள் விருந்தாளி எழுந்து போய்விடுவார். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) வடிவத்தில் சேமித்தால், படம் ஒன்று பெரும்பாலும் 200 கே.பி.க்குள் அடங்கும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. படத்தைச் சுருக்கலாம், ஆனால் கஞ்சத்தனம் கூடாது. சேலைக்கு மூன்று கோணமாவது வேண்டும்: கட்டியபடி முழுதாக ஒன்று, முந்தானை ஒன்று, புள்ளிகளை மிக அருகில் வைத்து ஒன்று. கை முடிச்சில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. வாங்குகிறவர் தேடுவதே அதைத்தான். டியூப்லைட் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். நிறம் மாறித் தெரிந்தால் சேலை திரும்பி வரும்.

சில பிரவுசர்களில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு அடையாளம் தருகிற எஸ்.எஸ்.எல். சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கென்று தனியாகப் பெரிய தொகை கேட்டால், ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக, ஆனால் முதலில் செய்யவேண்டியது: பெயர்ப் பதிவு. டாட் இன், டாட் காம் பெயர்களை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. வருடக் கணக்கில் எடுக்கிறோம், ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டு. டாட் காம் பெயர் ஒன்று காலாவதியாகி, புதுப்பிக்கத் தரும் அவகாசமும் தீர்ந்து நீக்கப்பட்டால், மீட்க 30 நாள் இருக்கும், கூடுதல் கட்டணத்தோடு. அதையும் விட்டால் இன்னும் 5 நாளில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். தளம் செய்து தருபவர் தன் கணக்கிலேயே பதிந்துவிட்டால் மண்டபச் சாவி அவர் கையில்தான் இருக்கும்; நினைவூட்டல் கடிதமும் அவருக்குத்தான் போகும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைபேசி எண்ணில்தான் நடக்கவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.